சிறுநீரக மாற்று மருத்துவ வரலாற்றில் நிராகரிப்பும் வைரஸ் தொற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சிறுநீரக மாற்று மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவத்தின் வெற்றி வரலாறாகவும் நிராகரிப்பை அடக்கும் மருந்துகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1950களிலிருந்து 2017 வரையிலான முதன்மை நிகழ்வுகளை வைரஸ் தொற்றின் பக்கத்திலிருந்து இக்கட்டுரை மீள்பார்வை செய்கிறது. நிராகரிப்பை வெல்லக் கையாண்ட ஒவ்வொரு முறையும் அதற்கு முன் அடங்கிக் கிடந்த ஒரு வைரஸை வெளிக்கொணர்ந்தது என்பதையும், தொற்றும் நிராகரிப்பும் ஒன்றையொன்று ஒத்தும் தூண்டியும் இயங்குபவை என்பதையும் இது எடுத்துக்காட்டுகிறது. இத்துறையின் நிலைத்த முன்னேற்றம் வலிமை மிக்க மருந்துகளால் மட்டும் விளைந்ததன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் ஆய்வுக்கூட முறைகளாலும் மருந்தின் அளவை மட்டுப்படுத்தும் துணிவாலும் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சிறுநீரக மாற்று, நிராகரிப்பு, நோயெதிர்ப்பு ஒடுக்கம், சைட்டோமெகலோ வைரஸ், பி.கே. வைரஸ், மருத்துவ வரலாறு

1. முன்னுரை

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவருக்கு மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் காண்கிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்கிறது. சிறுநீரகம் பழுதுபடுகிறது என்பது உறுதி; எதனால் என்பதுதான் வினா. உடலின் எதிர்ப்பாற்றல் அயல் உறுப்பைத் தாக்கும் நிராகரிப்பு இதற்குக் காரணமாகலாம். அவ்வாறாயின் நோயெதிர்ப்பு ஒடுக்கிகளின் அளவை உயர்த்த வேண்டும். வைரஸ் தொற்றும் காரணமாகலாம்; அவ்வாறாயின் அதே மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட்டால் சிறுநீரகம் போகும். சில வேளைகளில் உயிரே போகும்.

இந்த இக்கட்டு இன்றைய மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. இத்துறை தோன்றிய நாள்முதல் அதன் உள்ளே இருந்து வருவது. ஆயினும் பொதுவாக அறியப்பட்ட வரலாற்றில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. இரட்டையருக்கிடையே நடந்த முதல் வெற்றி, நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள், புதிய மருந்துகளின் வருகை என ஒரு நேர்கோட்டில் அவ்வரலாறு சொல்லப்படுகிறது. பிணக்கூறாய்வு அறைகளிலும் வைரஸ் ஆய்வுக்கூடங்களிலும் சிறுநீர்ச் செல்களை நுண்ணோக்கியில் கண்டோரிடத்தும் நிகழ்ந்த மற்றொரு வரலாறு அதனுடன் சேர்த்துப் படிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நிராகரிப்பு அறியப்பட்ட முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உறுப்பு மாற்றுக்கான அறுவை நுட்பம் கைவந்திருந்தது. 1902இல் வியன்னாவில் எமெரிக் உல்மன் ஒரு நாயின் சிறுநீரகத்தை அதன் கழுத்துக்கு மாற்றிப் பொருத்தினார். இரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் முறையை வகுத்த அலெக்சிஸ் கரேல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1933இல் உக்ரைனின் கெர்சன் நகரில் யூரி வோரனாய் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தினார். இரத்த வகை பொருந்தாத அந்நோயாளி இரண்டு நாட்களில் இறந்தார். தையல் நன்றாக இருந்தும் உறுப்பு ஏன் அழிகிறது என்பது விளங்காமலே இருந்தது.

விடை தீக்காய மருத்துவத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும் தீக்காயமுற்ற ஒருவருக்குப் பிறரது தோலை ஒட்டிப் பார்த்தனர். முதன்முறை ஒட்டிய தோலைவிட அதே கொடையாளரிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டிய தோல் விரைந்து அழிந்தது. உடல் அந்தத் தோலை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். 1943இல் வெளியான இந்த ஆய்வு, நிராகரிப்பு ஒரு நோயெதிர்ப்பு நிகழ்வு என்பதை நிலைநாட்டியது. மெடவார் 1960இல் பிராங்க் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அம்மை கண்டவருக்கு அது மீண்டும் வராமல் காப்பதும் இதே நினைவாற்றல்தான். அயல் உறுப்பை அழிக்கும் டி செல்களே வைரஸ் புகுந்த செல்களையும் அழிக்கின்றன. ஒரே படை இரு பணிகளையும் செய்யும்போது ஒரு பணியை மட்டும் தடுப்பது எளிதன்று. பின்வந்த எழுபது ஆண்டு வரலாற்றின் சிக்கல் இவ்வுண்மையில் வேர்கொண்டது.

3. இரட்டையரும் கதிர்வீச்சும்

1954 டிசம்பர் 23இல் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மர்ரே தலைமையிலான குழு ஒருகரு இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியது. பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இருவரின் திசுக்களும் மரபியல்படி ஒன்றாகவே இருந்ததால் நோயெதிர்ப்பை ஒடுக்கும் தேவை எழவில்லை. நிராகரிப்பை வென்றதாகச் சொல்லப்படும் இந்நிகழ்வு, உண்மையில் நிராகரிப்பு இல்லாத ஒரு சூழலைத் தேர்ந்தெடுத்ததால் கிட்டிய வெற்றியாகும். ஒருகரு இரட்டையர் இல்லாத நோயாளிகளுக்கு இது வழிகாட்டவில்லை.

அவர்களுக்காக 1950களின் இறுதியில் பாஸ்டனிலும் பாரிஸிலும் முழுவுடல் கதிர்வீச்சு கையாளப்பட்டது. இருகரு இரட்டையரிடையே 1959இல் நிகழ்ந்தவை போன்ற சில வெற்றிகள் கிட்டின. எனினும் கதிர்வீச்சு பெற்றோருள் பெரும்பாலோர் இறந்தனர். எலும்பு மச்சை அழிந்த நிலையில் தொற்றுகளை எதிர்கொள்ள அவர்களின் உடலில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. நிராகரிப்பைத் தடுப்பதற்கு உடல் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பது முதன்முதலில் வெளிப்பட்டது இக்காலத்தில்தான்.

4. மருந்துகளும் டென்வர் நகரின் பிணக்கூறாய்வுகளும்

1959இல் ராபர்ட் ஷ்வார்ட்ஸ், வில்லியம் டேமஷெக் ஆகியோர் 6-மெர்காப்டோபியூரின் என்னும் மருந்து முயல்களில் எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுப்பதைக் கண்டனர். ராய் கான் அதனை நாய்களின் சிறுநீரக மாற்றில் சோதித்தார். கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் உருவான அசாதயோபிரின் 1960களின் தொடக்கத்தில் மனிதருக்கு வழங்கப்பட்டது. 1963இல் டென்வரைச் சேர்ந்த தாமஸ் ஸ்டார்சலின் குழு, நிராகரிப்பு தொடங்கிய பின்னும் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டை மிகுந்த அளவில் தந்து அதை மீட்க முடியும் எனக் காட்டியது. நிராகரிப்பு மீளக்கூடியது என்னும் இச்செய்தி இத்துறையின் போக்கையே மாற்றியது. பல நாடுகளில் சிறுநீரக மாற்று மையங்கள் தோன்றின.

அதே டென்வரில் மற்றொரு பணியும் நடந்து கொண்டிருந்தது. இறந்த நோயாளிகளின் நுரையீரல்களை டேவிட் ரிஃப்கைண்டும் அவர்தம் உடன்பணியாளர்களும் ஆராய்ந்தனர். 1964 முதல் வெளியான அவர்களின் கட்டுரைகள், மாற்றுச் சிறுநீரகம் நன்றாக இயங்கிய நிலையிலும் நோயாளிகள் தொற்றால் மாண்டதைப் பதிவு செய்தன. நுண்ணோக்கியில் பருத்த செல்களும் அவற்றின் உட்கருவில் ஆந்தைக் கண்போலத் தோன்றும் உட்பொருளும் காணப்பட்டன. அது சைட்டோமெகலோ வைரஸின் அடையாளம்.

இந்த வைரஸ் அப்போது புதியதன்று. 1950களின் இடைப்பகுதியில் மார்கரெட் ஸ்மித், வாலஸ் ரோ, தாமஸ் வெல்லர் ஆகிய மூவரும் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்திருந்தனர். பிறக்கும் முன்பே குழந்தைகளைத் தாக்கும் அரிய நோயின் காரணியாகவே அது அறியப்பட்டிருந்தது. மக்களுள் பெரும்பகுதியினர் இளமையிலேயே இத்தொற்றைப் பெற்று, எவ்வித நோயுமின்றி வாழ்நாள் முழுவதும் அதைத் தாங்கித் திரிகின்றனர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனை உறக்கத்தில் வைத்திருந்தது நோயெதிர்ப்பாற்றல். மருந்து அக்காவலை விலக்கியதும் வைரஸ் விழித்துக்கொண்டது.

1975இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மாண்டோ ஹோவும் அவர்தம் குழுவினரும் மேலும் ஒன்றை நிறுவினர். மாற்றுச் சிறுநீரகமே இவ்வைரஸின் ஊற்றாகலாம். தொற்று இல்லாத ஒருவர் தொற்றுள்ள கொடையாளரின் சிறுநீரகத்தைப் பெறும்போது உறுப்புடன் வைரஸையும் பெறுகிறார். உயிர்காக்கும் கொடையே நோயின் வாயிலாகவும் அமைந்தது.

இதே காலத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சியும் டயாலிசிஸ் பிரிவுகளைத் தாக்கியது. 1969–70இல் எடின்பரோவில் ஏற்பட்ட பரவலில் நோயாளிகளோடு மருத்துவப் பணியாளர்களும் உயிரிழந்தனர். இரத்தம் வழிப் பரவும் வைரஸ்களுக்கு எதிராக டயாலிசிஸ் பிரிவுகள் இன்று கடைப்பிடிக்கும் கட்டுப்பாடுகள் பல இத்தகைய இழப்புகளுக்குப் பின் வகுக்கப்பட்டவை.

5. தொற்று நிராகரிப்பைத் தூண்டுமா?

1960களின் இறுதிவரை தொற்றும் நிராகரிப்பும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பார்க்கப்பட்டன. நோயெதிர்ப்பை அடக்கினால் தொற்று மிகும். தளர்த்தினால் நிராகரிப்பு மிகும் என்னும் தராசு உருவகமே மேலோங்கியிருந்தது. 1970இல் மினசோட்டாவைச் சேர்ந்த ரிச்சர்ட் சிம்மன்ஸும் அவர்தம் குழுவினரும் இத்தராசை ஐயுற்றனர். எளிய தொற்றுகள் நிராகரிப்பைத் தூண்டுகின்றனவா என வினவிய அவர்களின் கட்டுரை டிரான்ஸ்பிளான்டேஷன் புரொசீடிங்ஸ் இதழில் வெளிவந்தது. வைரஸ் தொற்றுகளும் நிராகரிப்பு நிகழ்வுகளும் காலத்தால் நெருங்கி வருவதை 1974இல் அக்குழு மேலும் விரிவாகக் காட்டியது.

இதற்கு எதிராகவும் வாதிட இடமிருந்தது. நிராகரிப்புக்காகக் கூடுதல் மருந்து தருவதால் வைரஸ் மிகுகிறது என்றும் அதே தரவுக்குப் பொருள் கொள்ளலாம். எது காரணம், எது விளைவு என்பது நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பதால் மட்டும் தீர்க்கக்கூடியதாக இல்லை. வைரஸை மட்டும் தடுத்து, பிறவற்றை மாற்றாமல் விட்டால் நிராகரிப்பு குறைகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. அதற்கேற்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து அக்காலத்தில் இல்லை.

அச்சோதனை நடைபெற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1999இல் டேவிட் லோவன்ஸும் பிறரும் வெளியிட்ட பன்மைய ஆய்வில் 616 நோயாளிகள் வாலசைக்ளோவிர் அல்லது போலி மருந்தைப் பெற்றனர். தொற்றுள்ள கொடையாளரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற தொற்றில்லாத நோயாளிகளுள், திசுச்சோதனையால் உறுதிசெய்யப்பட்ட நிராகரிப்பு போலி மருந்துக் குழுவில் 52 விழுக்காடாக இருந்தது. வாலசைக்ளோவிர் குழுவில் 26 விழுக்காடாகக் குறைந்தது. நோயெதிர்ப்பை ஒடுக்கும் ஆற்றல் சிறிதும் இல்லாத ஒரு மருந்து நிராகரிப்பைப் பாதியாக்கியது. சிம்மன்ஸ் குழுவின் ஐயம் பொருளுடையது என்பதற்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை. தராசு உருவகம் முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதும் இதனால் தெளிவாயிற்று.

6. மட்டுப்படுத்தலின் வரலாறு: பெல்ஃபாஸ்ட்

நிராகரிப்பின்மேல் கொண்ட அச்சம் 1960களிலும் 1970களிலும் ஸ்டீராய்டுகளின் அளவை மிக உயர்த்தியது. கிரியேட்டினின் உயர்ந்தால் மேலும் ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காவிடில் லிம்போசைட் எதிர்ப்புச் சீரம். சைட்டோமெகலோ வைரஸால் சிறுநீரகம் பழுதுபட்ட சிலருக்கும் நிராகரிப்புக்கான இம்மருந்துகளே தரப்பட்டன. நோயின் காரணம் வைரஸாக இருந்தபோது மருந்து அதற்குத் துணை செய்தது.

இப்போக்குக்கு மாறாக வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவமனையில் மேரி மெக்கௌன் 1968 முதல் குறைந்த அளவு பிரெட்னிசோலோனுடன் அசாதயோபிரின் தந்து வந்தார். அங்கு நடைபெற்ற முதல் 100 சிறுநீரக மாற்றுகளின் விளைவுகள் 1977இல் வெளியாயின. மிகை அளவு ஸ்டீராய்டு தந்த மையங்களைவிட அங்கு உயிரிழப்பு குறைவாக இருந்தது; சிறுநீரகங்களும் நிலைத்தன. சிறிய மையம் ஒன்றிலிருந்து ஒரு பெண் மருத்துவர் அளித்த இச்சான்றினைப் பிற மையங்கள் ஏற்க ஆண்டுகள் பல பிடித்தன. புதிய மருந்தின் வருகையை நாள் குறித்துப் போற்றும் வரலாறு, பழைய மருந்தின் அளவைக் குறைத்தவரை அந்த அளவுக்கு நினைவு கொள்வதில்லை.

1981இல் பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ரூபினும் பிறரும் மாற்றுக்குப் பிந்தைய தொற்றுகளுக்கு ஒரு காலவரிசை உண்டு என்பதை எடுத்துரைத்தனர். முதல் மாதத்தில் அறுவை சார்ந்த பாக்டீரியத் தொற்றுகள். முதலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை சைட்டோமெகலோ வைரஸ் முதலிய வாய்ப்புத் தொற்றுகள். அதன்பின் சமூகத்தில் பொதுவாகக் காணும் தொற்றுகள். எந்த நேரத்தில் எதைத் தேட வேண்டும் என்பதற்கு இது மருத்துவருக்கு ஒரு நாட்காட்டியாயிற்று.

7. சைக்ளோஸ்போரினும் எப்ஸ்டீன்-பார் வைரஸும்

நார்வே நாட்டு மண்ணிலிருந்து பெறப்பட்ட ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் ஜீன் பொரெலும் பிறரும் 1970களில் அதன் நோயெதிர்ப்பு ஒடுக்கும் ஆற்றலை அறிந்தனர். 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கான் அதனை நோயாளிகளுக்கு வழங்கினார். 1983இல் வெளியான ஐரோப்பியப் பன்மைய ஆய்வில் ஓராண்டு முடிவில் நிலைத்த சிறுநீரகங்கள் பழைய முறையில் 52 விழுக்காடு. சைக்ளோஸ்போரினில் 72 விழுக்காடு. 1986இல் ஓ.கே.டி.3 என்னும் ஒற்றைப் படியாக்க எதிர்ப்பொருள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஸ்டீராய்டுக்கு அடங்காத நிராகரிப்பையும் அது அடக்கியது.

இவ்வெற்றியும் தனியே வரவில்லை. மாற்று உறுப்புப் பெற்றோரிடம் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று தோன்றுவதை இஸ்ரேல் பென் 1960களின் இறுதியிலேயே பதிவு செய்யத் தொடங்கியிருந்தார். கானின் தொடக்ககாலச் சைக்ளோஸ்போரின் நோயாளிகளிடமும் அது காணப்பட்டது. 1964இல் எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகியோர் கண்டறிந்த எப்ஸ்டீன்-பார் வைரஸே இவற்றுள் பெரும்பான்மைக்குக் காரணம் என்பது 1980களில் தெளிவாயிற்று. டி செல்களின் கண்காணிப்பு இல்லாத நிலையில் இவ்வைரஸ் குடிகொண்ட பி செல்கள் கட்டின்றிப் பெருகின.

1984இல் ஸ்டார்சல் குழுவினர் வெளியிட்ட செய்தி பலருக்கு நம்ப அரிதாக இருந்தது. சைக்ளோஸ்போரினைக் குறைத்தபோதோ நிறுத்தியபோதோ இக்கட்டிகள் சுருங்கின. பல நேர்வுகளில் அதன்பின் உறுப்பும் நிராகரிக்கப்படவில்லை. காவலை மீட்டுத் தந்தால் உடல் தானே புற்றை அடக்கும் என்பதையும், அதுவரை தந்த ஒடுக்கம் தேவைக்கு மிகுந்திருந்தது என்பதையும் இது ஒருங்கே உணர்த்தியது. நிராகரிப்பை மீட்க ஸ்டீராய்டை உயர்த்தும் முறையை 1963இல் முன்வைத்தவரே இருபது ஆண்டுகளுக்குப் பின் மருந்தைக் குறைக்கும் முறையையும் முன்வைத்தார்.

8. பி.கே. வைரஸ்: நிராகரிப்பின் போலி

1971இல் லண்டனில் சிறுநீரக மாற்றுப் பெற்ற ஒருவருக்குச் சிறுநீர்நாளம் குறுகி அடைபட்டது. அவருடைய சிறுநீரில் வழக்கத்துக்கு மாறான செல்களை டல்சி கோல்மன் கண்டார். சில்வியா கார்ட்னரும் பிறரும் அதிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தனர். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின. இவ்வைரஸும் இளமையிலேயே பெரும்பாலோரின் உடலில் புகுந்து சிறுநீரகத்தில் தங்கிவிடுவது. அடுத்த இருபது ஆண்டுகள் அது ஆய்வுக்கூட ஆர்வத்துக்குரிய பொருளாகவே இருந்தது. சிறுநீரகத்தையே அழிக்கும் எனப் பலரும் எண்ணவில்லை.

1990களில் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் ஆகிய மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன. நிராகரிப்பு முன்னெப்போதும் இல்லாத அளவு குறைந்தது. அதே பத்தாண்டில் பிட்ஸ்பர்க், பாசெல் முதலிய மையங்களிலிருந்து பி.கே. வைரஸால் மாற்றுச் சிறுநீரகம் அழிவதாகச் செய்திகள் வரத் தொடங்கின.

இவ்வைரஸ் பழைய இக்கட்டை அதன் கூர்மையான வடிவில் கொணர்ந்தது. நிராகரிப்பை வகைப்படுத்த 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் கிம் சோலெஸ், லோரைன் ராக்குசன் முதலியோர் கூடி ஒரு பொதுமுறையை வகுத்து 1993இல் வெளியிட்டிருந்தனர். சிறுநீரக நுண்குழல்களில் லிம்போசைட்கள் ஊடுருவி அழற்சி விளைப்பது அம்முறையில் நிராகரிப்பின் முதன்மை அடையாளம். பி.கே. வைரஸ் தாக்கிய சிறுநீரகத்திலும் அதே ஊடுருவல், அதே அழற்சி. திசுச்சோதனை செய்தும் நிராகரிப்பு என்று கருதி ஸ்டீராய்டு தரப்பட்ட நேர்வுகள் பதிவாயின. மருந்து கூடக்கூட வைரஸ் பெருகியது. சிறுநீரகம் கைவிட்டுப் போயிற்று.

இதிலிருந்து மீளும் வழியை நோய்க்குறியியல் வல்லுநர்களும் வைரஸ் ஆய்வாளர்களும் காட்டினர். திசுவில் வைரஸின் புரதத்தை நிறமூட்டிக் காட்டும் முறை வழக்கத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் வோல்கர் நிக்கலெய்ட்டும் பிறரும் இரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். முறையால் அளந்து நோயை முன்னறியலாம் எனக் காட்டினர். 2005இல் செயின்ட் லூயிஸ் நகரின் டேனியல் பிரென்னன் குழுவினர், இரத்தத்தில் வைரஸ் தென்பட்டவுடன் ஒடுக்கிகளைக் குறைத்தால் சிறுநீரகச் சிதைவைத் தடுக்கலாம் என்பதை 200 நோயாளிகளிடம் கண்டனர். நிராகரிப்பும் அஞ்சிய அளவுக்கு மிகவில்லை. 2009இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் முதல் 3 முதல் 6 மாதங்களுக்கு மாதந்தோறும் இவ்வைரஸைத் தேடும்படி பரிந்துரைத்தன. இவ்வைரஸை நேரடியாக அழிக்கும் நிறுவப்பட்ட மருந்து எதுவும் கையில் இல்லாத நிலையில் நோயைப் பெருமளவு கட்டுப்படுத்தியது, காலத்தே அறிதலும் அளவைக் குறைத்தலுமே.

9. இன்டர்ஃபெரான் முரண்

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு பாடம் கிடைத்தது. 1989இல் ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டறியப்பட்டது. டயாலிசிஸிலும் இரத்தமேற்றலிலும் அது பரவியதால் சிறுநீரக நோயாளிகளிடம் மிகுந்து காணப்பட்டது. அதற்கு அப்போதிருந்த மருந்து இன்டர்ஃபெரான். வைரஸை எதிர்க்க உடல் இயல்பாகச் சுரக்கும் இப்பொருள் நோயெதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவதன் மூலம் செயல்படுவது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோருக்கு அதைத் தந்தபோது எழுந்த ஆற்றல் வைரஸோடு சிறுநீரகத்தையும் தாக்கியது. நிராகரிப்பால் சிறுநீரகம் இழந்தோர் பலர். ஆகவே மாற்றுக்குப் பிறகு இன்டர்ஃபெரானைத் தவிர்ப்பதே பொதுநெறியாயிற்று. கல்லீரல் மெல்லச் சிதைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலை நீடித்தது.

2013ஆம் ஆண்டின் இறுதியில் வந்த சோஃபோஸ்புவிர் முதலிய நேரடி மருந்துகள் இம்முடிச்சை அவிழ்த்தன. இவை நோயெதிர்ப்பை நாடாமல் வைரஸ் பெருகும் வினையைத் தடுப்பவை. அதனால் நிராகரிப்பைத் தூண்டாமலே வைரஸை ஒழிக்க முடிந்தது. 2017இல் பென்சில்வேனியாவிலிருந்து வெளியான ஆய்வில், ஹெபடைடிஸ் சி தொற்றுள்ள கொடையாளர்களின் சிறுநீரகங்கள் தொற்றில்லாத 10 பேருக்கு அறிந்தே பொருத்தப்பட்டன. பின்னர் மருந்து தரப்பட்டது. பத்துப் பேரும் வைரஸிலிருந்து விடுபட்டனர். ஒரு காலத்தில் வீணாக்கப்பட்ட கொடை உறுப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன.

10. தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நிகழ்ந்தது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2008இல் தமிழ்நாடு அரசு மூளைச்சாவுற்றோரின் உறுப்புக் கொடைக்கான திட்டத்தை ஒழுங்குபடுத்தியது.

மேலைநாட்டு நெறிகளை இங்கு அப்படியே பொருத்திவிட முடியாது. சைட்டோமெகலோ வைரஸ் தொற்று இந்தியாவில் வளர்ந்தோர் ஏறக்குறைய அனைவரிடமும் உள்ளது. தொற்றில்லாதவர் தொற்றுள்ள சிறுநீரகத்தைப் பெறுவது அங்கு முதன்மை இடர். இங்கோ பெறுநரின் உடலில் ஏற்கெனவே உறங்கும் வைரஸ் விழிப்பதே பெரும்பான்மை. காசநோயும் உடன் நிற்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சைக்ளோஸ்போரினையும் டாக்ரோலிமஸையும் உடலிலிருந்து விரைந்து வெளியேற்றி நிராகரிப்புக்கு வழி திறக்கும். தொற்றைத் தீர்க்கும் முயற்சி நிராகரிப்பில் முடியும் அதே முரண் இங்கு வேறொரு நோயின் வழியாகவும் வருகிறது.

மருந்தின் விலையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. சைட்டோமெகலோ வைரஸைத் தடுக்கும் வால்கன்சைக்ளோவிருக்கு 2007இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் ரோஷ் நிறுவனத்துக்குக் காப்புரிமை வழங்கியது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்புகளும் உள்நாட்டு மருந்து நிறுவனங்களும் அதனை எதிர்த்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2010இல் அதே அலுவலகம் அக்காப்புரிமையை ரத்து செய்தது. எச்.ஐ.வி. நோயாளிகளின் கண்பார்வையைக் காக்கவும் இம்மருந்து தேவைப்பட்டதால் அவர்கள் தொடுத்த போராட்டம், சிறுநீரக மாற்றுப் பெற்றோருக்கும் பயன் தந்தது. வைரஸைத் தடுத்தால் நிராகரிப்பும் குறையும் என்னும் அறிவு, மருந்து வாங்க இயலாதவருக்கு அறிவாக மட்டுமே நின்றுவிடும்.

11. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, நிராகரிப்பை அடக்கிய ஒவ்வொரு கட்டமும் தனக்கே உரிய வைரஸைக் கொண்டிருந்தது. அசாதயோபிரின், ஸ்டீராய்டு காலத்தில் சைட்டோமெகலோ வைரஸும், சைக்ளோஸ்போரின், எதிர்ப்பொருள் மருந்துகளின் காலத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸும், டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் காலத்தில் பி.கே. வைரஸும் முன்னின்றன. இம்மூன்றும் வெளியிலிருந்து புதிதாகப் படையெடுத்தவை அல்ல. மனித உடலில் நெடுங்காலமாகக் குடியிருப்பவை. நோயெதிர்ப்பாற்றல் நாள்தோறும் ஓசையின்றிச் செய்துவந்த பணி எத்தகையது என்பதை, அதனை ஒடுக்கிய பிறகே மருத்துவம் முழுமையாக அறிந்தது.

இரண்டாவதாக, தொற்றும் நிராகரிப்பும் எளிய தராசின் இரு தட்டுகள் ஆகா. 1999ஆம் ஆண்டின் வாலசைக்ளோவிர் ஆய்வு வைரஸைத் தடுத்து நிராகரிப்பைக் குறைத்தது. இன்டர்ஃபெரான் வைரஸைத் தாக்கி நிராகரிப்பைக் கூட்டியது. 1984, 2005ஆம் ஆண்டுகளின் அனுபவங்கள் ஒடுக்கத்தைக் குறைத்தும் உறுப்பைக் காக்கலாம் என்று காட்டின.

மூன்றாவதாக, இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் கண்ணோட்டத்தை விரிக்க வேண்டும். ரிஃப்கைண்டின் பிணக்கூறாய்வுகள், மெக்கௌனின் குறைந்த அளவு மருந்து, கோல்மன் சிறுநீரில் கண்ட செல்கள், பான்ஃப் கூட்டத்தின் வகைப்பாடு ஆகியவை அறுவை அரங்கின் வெற்றிகளுக்கு இணையான வரலாற்று இடம் பெறத்தக்கவை. காய்ச்சலோடும் உயர்ந்த கிரியேட்டினினோடும் மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு, மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற வினாவுக்கு இன்று விடை தர முடிகிறதென்றால், அந்த விடை இவர்களின் உழைப்பால் கிடைத்தது.